நாய் கடித்த மொப்பு

சரோஜா வேனில் ஏறவில்லை.

ரொஹானி டீச்சர் வீட்டு வேலை முடிந்து, சாமான்களையெல்லாம் ஏற்றியாகிவிட்டது. நான் வண்டியைக் கிளப்பி ஏர்கோனைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மதிய வெயில் கண்ணாடி வழியாகச் சுட்டது. பின்னால் கலைவாணி செருப்பைக் கழற்றிவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். சரோஜா மட்டும் வாசல் குழாயடியில் ஓர் ஈர மொப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டியது. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

ஹார்ன் அடித்தேன். அவள் நகரவில்லை. மறுபடியும் அடித்தேன். எனக்கும் பொறுமைக்கும் ரொம்ப தூரம் என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

மெதுவாக ஜன்னல் பக்கம் வந்தாள். மொப்பின் தலையைத் திருப்பிக் காட்டினாள். ஒரு பக்கத்தில் நூல் கற்றைகள் பாதியோடு பிய்ந்து போயிருந்தன.

"கா, இது ராஜா கடிச்ச மொப்பு," என்றாள்.

ஹார்னிலிருந்து கையை எடுத்தேன்.

ராஜா யாரென்று சொல்லிவிடுகிறேன். பாக்கார் ஆராங்கில் ஒரு மளிகைக் கடைக்காரர் வீட்டு நாய். கன்றுக்குட்டி அளவு இருக்கும். அந்த வீட்டில் அதற்கென்று தனி சோபாவே உண்டு. அந்த நாய் வீட்டைத் துடைக்கிற மொப்பை வைத்துத்தான், ஹஜ்ஜுக்குப் போய் வந்த ரொஹானி டீச்சரின் கூடத்தையும் தொழுகை அறையையும் அன்று காலை முழுக்கத் துடைத்திருக்கிறோம்.

மூன்று பெருநாள், ஒரு வேன்

தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, வீடு சுத்தம் செய்யும் தொழிலில் நான் இறங்கிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் செர்டாங்கிலிருந்து என் சித்தி மகள் கூப்பிட்டாள். தோட்டத்தில் நம் அம்மாக்கள் துரை பங்களாவைக் கூட்டினார்கள், நீ சுங்கைப் பட்டாணியில் தாமான் தாமானாக, ஒவ்வொரு குடியிருப்பாகப் போய்க் கூட்டுகிறாய், இதைப் போய்ப் பத்திரிகையில் எழுதிப் பெருமைப்படுகிறாயே என்று கேட்டாள்.

நான் சொன்னேன்: அம்மா கூட்டியது துரை சொன்ன நேரத்துக்கு. நான் கூட்டுவது நான் கொடுக்கிற நேரத்துக்கு. அந்த ஒன்றுக்காகவே எழுதலாம்.

இந்தத் தொழிலில் அழுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. அழுக்கு நேர்மையானது. இருக்கிற இடத்தில் இருக்கும், தேய்த்தால் போகும். பிரச்சினையெல்லாம் மனிதர்களிடம்தான். மாடி வீடு முழுவதையும் மத்தியானத்துக்குள் முடித்துவிடச் சொல்வார்கள். முடித்தால், இவ்வளவு சீக்கிரம் முடித்தீர்களே, ஒழுங்காகச் செய்தீர்களா என்பார்கள். காற்றாடி இறக்கையில் விரலை ஓட்டிப் பார்க்கிற அம்மாக்கள் உண்டு. நாம் குனிந்தால் குனிந்து, நிமிர்ந்தால் நிமிர்ந்து கூடவே வருகிற ஐயாக்களும் உண்டு.

ஆள் பிரச்சினை தனி. பழக்கி வைத்த பெண், தொழிற்சாலையில் ஓவர்டைம் திறந்தால் சொல்லாமல் போய்விடுவாள். ஒருத்தி போனில் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, பளிங்கு மேசையில் வினிகரை ஊற்றித் தேய்த்தாள். மேசை தேமல் பிடித்த முகம் மாதிரி ஆகிவிட்டது. அந்த மேசைக்காரரைச் சமாதானப்படுத்தியதை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதலாம்.

இதற்கு மேல் நாள்கோள். நோன்புப் பெருநாளுக்கு முந்தைய வாரம் மலாய்க்கார வீடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கூப்பிடும். சீனப் பெருநாளுக்கு முன்னும் அப்படியே. ஆனால் பெருநாள் அன்று அவர்கள் வீட்டில் துடைப்பத்தைத் தொடவே கூடாது, வருகிற அதிர்ஷ்டத்தைக் கூட்டித் தள்ளிவிடுவோமாம். நம் வீடுகளில் விளக்கு வைத்த பிறகு கூட்டக் கூடாது. மூன்று இனத்துக்கும் சாஸ்திரம் தெரியாமல் கெடாவில் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது.

சாஸ்திரம் என்றால் சரோஜாதான். முதல் நாளிலிருந்து என்னிடம் இருக்கிறாள். கூலிம் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். என்னைவிடக் கொஞ்சம் இளையவள், என்னைவிட இரண்டு மடங்கு பிடிவாதக்காரி.

ஒரு தடவை மெர்கோங் வரை போய் ஒரு வீட்டைச் சுத்தம் செய்தோம். அன்று விடியற்காலையில்தான் அந்த வீட்டுப் பையன் வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்பியிருந்தான். சரோஜா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டாள். பயணம் போனவர் வீட்டை உடனே கூட்டினால் பெருக்கித் தள்ளியது போல ஆகிவிடும் என்றாள். நான் திட்டினேன். அசையவில்லை. ஜன்னல், காற்றாடி, அடுப்படி என்று துடைப்பம் தேவைப்படாத எல்லாவற்றையும் செய்து முடித்தாள். பையன் விமானம் ஏறிவிட்டதாகப் பினாங்கிலிருந்து போன் வந்த பிறகுதான் கூட்டினாள்.

பையனின் அம்மா முதலில் சிரித்தார். பிறகு அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்று வரை வேறு யாரையும் அந்த வீட்டுக்குள் விடுவதில்லை.

சிவப்பு நாடா, பச்சை நாடா

ரொஹானி டீச்சர் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவர். கணவரை இழந்து தனியாக இருக்கிறார். எங்கள் பக்கத்துத் தாமானில், பெரும்பாலும் மலாய்க்காரர்கள் வாழும் சாலையில் வீடு. முதல் தடவை நான் பார்க்கப் போனபோது வாசலிலேயே நிறுத்தி, நாய் வளர்க்கிற வீடுகளையும் சுத்தம் செய்கிறீர்களா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றே வேலை கிடைத்திருக்கும். நான் ஆமாம் என்றேன். பொய் சொன்னால் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், எனக்கு அதற்கு நேரமில்லை. அப்படியானால் அந்தத் துணியும் வாளியும் என் வீட்டுக்குள் வரக் கூடாது, நாயின் ஈரம் பட்டால் எங்கள் மார்க்கத்தில் அதற்குத் தனிக் கழுவல் இருக்கிறது என்றார். நல்ல டீச்சர், நன்றாகப் புரிய வைத்தார்.

அன்று சாயங்காலமே கடைக்குப் போய் இரண்டு நிறத்தில் நாடா வாங்கினேன். முஸ்லிம் வீடுகளுக்குப் போகிற மொப்புக் கம்பு, வாளி, துணி மூட்டை எல்லாவற்றிலும் பச்சை. நாய் இருக்கிற வீடுகளுக்குச் சிவப்பு. பச்சையும் சிவப்பும் வேனில்கூடப் பக்கத்தில் உட்காராது. அந்த வட்டாரத்தில் இந்த ஏற்பாட்டை முதலில் செய்தவள் நான்தான். வேறு யாராவது செய்திருந்தால் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

டீச்சர் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் எங்களைப் பற்றிச் சொன்னார். ஒரு வீடு இரண்டாகி, இரண்டு வீடு ஒரு சாலையாகி, எங்கள் வேலையில் பாதிக்கு மேல் அந்தத் தாமானிலேயே என்று ஆனது. அத்தனைக்கும் அவர் ஒருவர் வாக்குத்தான் ஜாமீன்.

நோன்புப் பெருநாளுக்கு எங்கள் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடுவார். எங்களுக்கென்று தனி மேசை இருக்கும். மாட்டிறைச்சி ரெண்டாங் அந்தப் பக்கமே வராது. ஒவ்வொரு சட்டியின் மூடியையும் அவரே திறந்து, இது கோழி, இது காய்கறி என்று காட்டுவார். கரண்டி மாறிவிடக் கூடாதென்று மேசை பக்கத்திலேயே நிற்பார்.

கைராசி

தவறு எங்கே நடந்தது என்று கேட்டால், சாமி முன்னால்தான்.

ஆயுத பூசையை நாங்கள் விமரிசையாகச் செய்வோம். அன்று வேலை கிடையாது. என் வீட்டு வாசலில் வேனைக் கழுவி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மொப்பு, வாளி, தூரிகை, தூசி உறிஞ்சும் இயந்திரம் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்குவோம். அந்த இயந்திரத்தின் மூக்குக்குச் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைத்தால், பார்ப்பதற்கு ஏதோ குட்டி யானை மாதிரி இருக்கும். நமக்குச் சோறு போடுகிற சாமான். வாள் வைத்திருந்தவன் வாளைக் கும்பிட்டான், நாங்கள் மொப்பைக் கும்பிடுகிறோம்.

கும்பிடுகிற சாமான் சுத்தமாக இருக்க வேண்டுமே. அந்த வருடம் மொப்புத் தலைகளையெல்லாம் கழற்றிச் சோப்பில் ஊற வைத்து, துவைத்து, வேலிக் கம்பியில் காயப் போட்டார்கள். நான் உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். காய்ந்த தலைகளைக் கம்பில் மறுபடி மாட்டியது கலைவாணி.

நாடா ஒட்டியிருந்தது கம்பில். தலைகள் எல்லாம் ஒரே வெள்ளை.

சாதாரண நாளில் யாரும் எல்லாத் தலைகளையும் ஒன்றாகக் கழற்றுவதில்லை. சாமிக்கு என்று சிரத்தை எடுத்ததில்தான் சாமான் மாறிப்போனது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எங்களுக்குப் பக்தியில் சறுக்கியது.

மறுநாள் விஜயதசமி. அன்று தொடங்குகிற காரியம் வருடம் முழுக்க வளரும் என்பது நம்பிக்கை. பூசையில் வைத்த சாமானை முதலில் யார் வீட்டில் எடுப்பது என்று நான் யோசிக்கவே வேண்டியதில்லை. டீச்சருக்கு நல்ல கைராசி. அவர் வீட்டில் தொடங்கினால் அந்த வருடம் குறையே இருக்காது. அன்று அவர் கணவரின் நினைவு நாளும்கூட. மாலைத் தொழுகைக்குப் பிறகு உறவும் அக்கம்பக்கமும் கூடி, கூடத்துத் தரையில் உட்கார்ந்து ஓதப் போகிறார்கள். அதற்குத்தான் அவ்வளவு கவனமாகத் துடைத்தோம். எதை வைத்து என்பதுதான் வில்லங்கம்.

வேனுக்குள் சண்டை

சரோஜா மொப்பைக் காட்டியதும் கதவைச் சாத்திக்கொண்டு வேனுக்குள்ளேயே பேசினோம். பேசினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. கத்தினோம்.

கலைவாணிக்கு முகம் வெளுத்துவிட்டது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் குடும்பத்தை ஓட்டுகிறவள். கெட்டிக்காரி, கை சுறுக்கு. அன்று அந்தச் சுறுக்கே அவளைக் கவிழ்த்தது.

"நாந்தான் கா மாட்டுனேன்," என்றாள். "ஆனா சோப்புல ஊறி, வெயில்ல காஞ்ச துணி லா அது. எந்த நாய் அதுல ஒட்டிக்கிட்டு இருக்கும்? யாரும் பாக்கல. நாம சொன்னா இந்தத் தாமானே போயிரும். எல்லா பொழப்பும் போயிரும்."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. டீச்சர் வாக்கினால் வந்த வீடுகள் டீச்சர் வாக்கினாலேயே போகும். என்னை நம்பி அரை டசன் பெண்கள் இருக்கிறார்கள். வேன் தவணை இருக்கிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் அதையெல்லாம்தான் நினைத்தேன்.

சரோஜா மொப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"பெருநாளுக்கு டீச்சர் நமக்குச் சாப்பாடு போடுறாங்கல்ல," என்றாள் கலைவாணியிடம். "மாட்டெறச்சிச் சட்டிக் கரண்டி தெரியாம நம்ம சட்டியில விழுந்துருச்சின்னு வையி. எடுத்துக் கழுவிட்டோம் லா, இதுங்களுக்கு எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு அவங்க இருந்தா, ஒனக்குப் பரவாயில்லையா?"

கலைவாணி குனிந்து செருப்பைக் காலில் மாட்ட ஆரம்பித்தாள். சரோஜா என் பக்கம் திரும்பினாள்.

"சோப்புல போறது நம்ம சுத்தம். அவங்க சுத்தம் வேற. சாயங்காலம் அங்க தலைய வெச்சித் தொழுவப் போறாங்க கா. நீங்க வரலன்னா பரவால்ல, நா மட்டும் போய்ச் சொல்லிட்டு வாரேன்."

என் கம்பெனியில், நான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருக்கும்போது, இவள் தனியாகப் போய்ச் சொல்வதா? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாவியைத் திருகி வண்டியை அணைத்தேன். இறங்குடி ரெண்டு பேரும் என்றேன். நல்லது செய்வதற்கு எல்லாருக்கும் நல்ல மனசு வர வேண்டும் என்பதில்லை. எனக்கு ரோஷம் வந்தது, அதுவே போதுமாக இருந்தது.

பொட்டோடு மண் வாங்கப் போனேன்

டீச்சர் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஏதாவது மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். நான் மலாயில் சொன்னேன். எங்கள் பூசை, கழற்றிய தலைகள், மாறிய மொப்பு, துடைத்த இடங்கள், எதையும் விடவில்லை. என் மலாய் பாசார் மலாய்தான், கடைத்தெருவில் கற்றது. அன்று அது எங்கேயும் தடுக்கவில்லை.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவிக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. திட்டினால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

திரும்பியதும், யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். நான் சரோஜாவைக் காட்டினேன். சரோஜா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாடிக்கு அந்த மொப்பு போனதா என்று கேட்டார். போகவில்லை, கூடமும் தொழுகை அறையும்தான் என்றேன். மணியைப் பார்த்தார். மண் கரைத்த தண்ணீர் ஒரு தடவை, அதற்கு மேல் நல்ல தண்ணீர் ஆறு தடவை, தரை முழுக்க ஓட வேண்டும் என்றார். அதற்குள் ஒரு யோசனை வந்து, நாங்கள் கழுவலாமா, எங்கள் கை படலாமா என்று கேட்டேன்.

"அழுக்கைப் போக்குறது தண்ணி," என்றார். "கை யாருடையதா இருந்தா என்ன."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. வாசலில் இருக்கும் மண்ணைத் தோண்டி எடுக்கிறேன் என்றேன். அது வேண்டாம், பூனை நாய் போகிற மண், இதற்கென்றே சுத்தமான மண்ணைப் பொட்டலமாக விற்கிறார்கள் என்று கடையைச் சொன்னார்.

நெற்றியில் விஜயதசமிக்கு வைத்த பெரிய பொட்டு, விபூதி, தலையில் பூ. அந்தக் கோலத்தோடு நான் போய் நின்று அந்த மண்ணைக் கேட்டபோது, கடைப் பெரியவர் என்னையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்துக்குப் பூசுகிற மண் இல்லை இது என்று அக்கறையோடு சொன்னார். தெரியும் பாக்சிக், ஒரு வீட்டைக் கழுவ வேண்டும் என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்காமல் இன்னொரு பொட்டலத்தையும் எடுத்து வைத்தார். ஒன்று போதாது, கூடம் பெரிதாக இருந்தால் என்றார்.

ஏழு தண்ணீர்

வேறொரு வீட்டில் இருந்த மற்ற பெண்களையும் வரச் சொல்லிவிட்டேன். நான் திரும்பி வருவதற்குள் சோபா, அலமாரி, மேசை எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டிருந்தன. யாரும் யாரையும் ஏவவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்குச் சுத்தம் என்றால் தண்ணீர். சிமெண்டுத் தரையில் வாளி வாளியாக ஊற்றி, துடைப்பத்தால் விரட்டி, வாசல் வழியாகக் கால்வாய்க்கு ஓட்டிவிட்டால்தான் கழுவியது மாதிரி இருக்கும். இந்தக் காலத்து வீடுகளில் அது நடக்காது. மரப்பலகைத் தரை உப்பிவிடும், வயர் நனைந்துவிடும். வேலைக்குச் சேருகிற பெண்களிடம் நான் முதலில் பிடுங்குவதே அந்த வாளித் தண்ணீரைத்தான். பிழிந்த மொப்பால் தடவுங்கள் போதும் என்று ஓயாமல் கத்துவேன்.

அன்று கத்தவில்லை. டீச்சர் வீட்டுக் கீழ்த்தளம் முழுக்க டைல் ஓடு பதித்த தரை. ஊற்றுங்கடி என்றேன்.

முதலில் மண் தண்ணீர். தேநீர் நிறத்தில் மூலை முடுக்கெல்லாம் பரவியது. அதன் பின்னால் நல்ல தண்ணீர், அலை அலையாக. சரோஜா தொழுகை அறையிலிருந்து தள்ளுவாள், கூடத்தில் இருவர் வாங்கிக்கொள்வார்கள், வாசலில் கலைவாணி வெளியே விரட்டுவாள். ஒருத்தி கை ஓய்வதற்குள் இன்னொருத்தி கை நீளும். டீச்சர் படிக்கட்டில் நின்று, எத்தனையாவது தண்ணீர் என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். கலைவாணி அழுதுகொண்டே விரட்டினாள். ஆனாலும் அவள் பக்கம் ஒரு சொட்டு பின்வாங்கவில்லை.

அந்தப் பெண்கள் வேலை செய்ததை அன்று நான் நின்று பார்த்தேன். வருடக்கணக்கில் பார்க்கிறேன், ஆனால் அப்படிப் பார்த்ததில்லை. இவர்கள் என் ஆட்கள் என்று ஊருக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும் போல இருந்தது.

கடைசித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டு ஜைனாப் அக்கா பலகாரத் தட்டோடு வந்தார். அவர் வீட்டுக்கும் நாங்கள்தான் போகிறோம். வாசலில் சோபா, கால்வாயில் மண் தண்ணீர். பார்த்த உடனே அவருக்குப் புரிந்துவிட்டது. என்ன நடந்தது என்று டீச்சரிடம் கேட்டார்.

துடைப்பங்கள் நின்றுவிட்டன.

டீச்சர் நினைத்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டாரா என்று நானும் ஏங்கினேன், மறைக்கவில்லை. அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். நாய் வீட்டு மொப்பு மாறி வந்துவிட்டது என்றார். பிறகு, எங்களைக் கையால் காட்டி, இதையும் சொன்னார்:

"எனக்குத் தெரியவே தெரியாது, ஜைனாப். வேனில ஏறிப் போயிருக்கலாம். இறங்கி வந்து சொன்னாங்க."

ஜைனாப் அக்கா தட்டை வைத்துவிட்டு திரும்பிப் போய்விட்டார். மறுநாள் அவரிடமிருந்து செய்தி வந்தது, இனி வர வேண்டாம் என்று. அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை, அது அவர் வீடு, அவர் மார்க்கம். இருந்தாலும் இன்றைக்கும் அந்த வீட்டைத் தாண்டும்போது எனக்கு ஒரு சுருக் இருக்கத்தான் செய்கிறது. மற்ற வீடுகள் போகவில்லை. ஒவ்வொரு நாளும் போன் மணி அடிக்கும்போதெல்லாம் போய்விட்டது என்றே எடுத்தேன். போகவில்லை.

மாலைத் தொழுகை அழைப்பு கேட்டபோது தரை காய்ந்து, பாய் விரித்தாகிவிட்டது. நாங்கள் நனைந்த துணியோடு வேனில் ஏறினோம். காலையில் பசியாறியதோடு சரி, மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. ரொட்டிக் கடையில் நிறுத்தினேன். கலைவாணி இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, கா, என்னை நிறுத்திடுவீங்களா என்று கேட்டாள். வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு பேசாதே என்றேன். அவளுக்கு அந்தப் பதில் புரிந்தது, மூன்றாவது ரொட்டிக்குச் சொன்னாள்.

புது மொப்பு

அடுத்த நாளே நாடாவைக் கிழித்துப் போட்டேன். தலையே பச்சையாக, தலையே சிவப்பாக இருக்கிற மொப்புகளைத் தேடி வாங்கினேன். இனி ஆயுத பூசைக்கு யார் கழற்றினாலும், யார் மாட்டினாலும் குருடனுக்கும் தெரியும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் யோசனை கேட்டால் நான் சொல்வது இதுதான்: ஆட்களைத் திட்டுவதற்கு முன், சாமானைப் பார்.

டீச்சர் வீட்டுக்கு மட்டும் அதற்கு மேலும் ஒன்று செய்ய நினைத்தேன். புத்தம் புதிதாக ஒரு மொப்பு, ஒரு வாளி, துணிகள், உறை பிரிக்காமல் வாங்கிக்கொண்டேன். அவை அவர் வீட்டுச் சாமான் அறையிலேயே இருக்கட்டும், வெளியே போகவே வேண்டாம், நாங்கள் வெறுங்கையோடு வந்து அதையே எடுத்துத் துடைத்துவிட்டுப் போகிறோம். அவருக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி.

மறு வாரம் போனதும் அதை அவர் முன்னால் வைத்து விவரம் சொன்னேன். எனக்கே என் யோசனை ரொம்பப் பிடித்திருந்தது. அவர் மொப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நல்ல மொப்பு என்றார். பிறகு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இது இங்க இருக்க வேண்டாம்," என்றார். "நீங்க கொண்டு வர்றதையே கொண்டு வாங்க."

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. இல்லை டீச்சர், மனிதர்கள்தானே, மறுபடியும் ஒரு நாள் ஏதாவது மாறிவிட்டால் என்றேன்.

சரோஜா மேலே மாடியில் இருந்தாள். ஜன்னல் கண்ணாடியை அவள் தேய்க்கிற சத்தம் கீழே கேட்டது. டீச்சர் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"மாறினா சரோஜா வந்து சொல்லும்," என்றார்.

இத்தனை வருடத் தொழிலில் எத்தனையோ பேர் எங்களை நல்லபடியாகச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடி மாதிரி தரை என்பார்கள், சொன்ன நேரத்துக்கு வருகிறார்கள் என்பார்கள். எல்லாவற்றையும் வாங்கி மடியில் கட்டிக்கொள்கிறவள்தான் நான். டீச்சர் அன்று சொன்னது என்னைப் பற்றிக்கூட இல்லை. ஆனாலும் அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.